பாதை அமைத்த பணம்

சத்யஜித் ரேயின் முதற் படமான 'பதேர் பாஞ்சாலி'யை உலகம் போற்றுகின்றது. ஆயினும், அப்படம் பாதிவழியில் நின்றுபோன வரலாற்றையே நாம் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகப் பணிபுரிந்த ரே, 1952 ஒக்டோபரில் படப்பிடிப்பை ஆரம்பித்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கமராவை இயக்கியவரல்லர். நாணற்பூ வெளியில் ஆரம்பித்த காட்சியைத் தொடர மறுவாரம் சென்றபோது, பூக்களைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது.

ரே தமது ஆயுட்காப்புறுதியை ஈடுவைத்தார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. அப்பணமும் தீர்ந்து வேலை நின்றது. நடித்த சிறுவர் வளர்ந்துவிடுவரோ, முதுமையின் விளிம்பில் நின்ற சுனிபாலா தேவி மறைந்துவிடுவாரோ என்ற அச்சம் அவரை வாட்டியது.

இறுதியில், முதலமைச்சர் பி.சி. ரோயின் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்தது. படத்தின் தலைப்பிற் பாதை இருந்தமையால் அப்பணம் வீதி அபிவிருத்திக் கணக்கிற் பதியப்பட்டது! 1955இல் வெளியான படம், 1956இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான விருதை வென்றது.

1992இல் ரே மறைந்தார். கலைக்குச் செலவிடுவதை வீண்விரயமெனக் கருதும் ஆட்சியாளர்கள் அந்தக் கணக்கேட்டை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். அப்பணம் உண்மையிலேயே ஒரு பாதையை அமைத்தது என்பதே எமது கருத்தாகும்.