வேரை அளந்த மருத்துவர்

பரேலில் இறங்கிக் கே. ஈ. எம். மருத்துவமனைக்கு வழி கேட்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் ஒன்றுகூட இராது எனலாம். நம்மில் பலர் பிறந்ததே அங்கேதான். நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும், அம்மருத்துவமனையில் இருந்த ஒருவர் உலகத்தின் இரத்த அழுத்த மருத்துவத்தையே ஒரு திருப்பம் திருப்பினார் என்பதை நான் அறிந்தது சென்ற ஆண்டில்தான். அதுவும் கல்வி ஆர்வத்தால் அன்று. என் தந்தையாரின் மூக்கடைப்பால்.

அப்பா தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இரத்தக் கொதிப்பு. மாத்திரைக்கு மாதம் நானூறு ரூபாய் ஆயிற்று. அவருக்குத் தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. வலிக்காத நோய்க்கு நானூறு ரூபாயா என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார். திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா சர்ப்பகந்தா வேர்ப்பொடி கால் கிலோ அனுப்பியிருந்தார். செலவில்லாத மருந்து, மூலிகையாகையால் கெடுதலும் இராது என்பது அவருடைய உறுதி. காலையும் மாலையும் ஒரு சிட்டிகை. மூன்று வாரத்தில் அப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டது. பேச்சுக் குறைந்தது. பிறகு வியாபாரத்துக்கும் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கடன் கவலை என்று அம்மா எண்ணினாள். சளி என்று நான் எண்ணினேன். பொடி நினைவு எனக்கு வரவேயில்லை. எம். எஸ்ஸி. இரசாயனம் படிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாயிருக்கிறது. வேறு எதையோ தேடி நூலகத்தில் ஆல்கலாய்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வேரின் பெயர் கண்ணில் பட்டது. பக்கத்தைப் புரட்டினேன். அங்கே டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நின்றுகொண்டிருந்தார்.

பெயரைக் கண்டு வழக்கறிஞர் என்று நினைக்க வேண்டாம். முன்னோர் செய்த தொழிலைக் குடும்பப் பெயராகக் கொள்வது பார்சிகளிடையே உள்ள வழக்கம். அவர் 1911ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் பயின்று, இதயநோய்த் துறையில் தேர்ந்து, 1938ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார்.

அக்காலத்தில் உயர்ந்த இரத்த அழுத்தத்திற்கு மருந்து என்று நம்பத்தக்கது எதுவும் மேல்நாட்டில் இல்லை. உப்பை நீக்கி வெறும் சோறும் பழமும் தின்னச் சொன்னார்கள். முதுகைக் கீறி நரம்பை அறுத்தார்கள். தயோசயனேட் என்னும் உப்பைக் கொடுத்தார்கள்; அது சில வேளைகளில் நோயை முந்திக்கொண்டு நோயாளியையே கொண்டுபோயிற்று. அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், எத்தனையோ மருத்துவர் சூழ இருந்தும், 1945 ஏப்ரல் 12 அன்று இரத்த அழுத்தம் எல்லை கடந்து மூளையில் குருதி கசிந்து மாண்டார். வல்லரசின் தலைவருக்கே வழியில்லாத காலம் அது.

இந்தியாவிலோ ஒரு வேர் இருந்தது. பீகார்ப் பக்கத்தில் அதற்குப் பைத்தியக்கார மருந்து என்றே பெயர். தூக்கம் வராதவர்க்கும் பாம்பு கடித்தவர்க்கும் கொடுத்து வந்தனர். 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது பைத்தியத்தை மட்டுமன்றி இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளைப் பிரித்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். சோப்ராவும் அவருடைய துணைவர்களும் மேலும் ஆராய்ந்தனர். ஆனால் இவையெல்லாம் இந்திய ஏடுகளில் வெளிவந்து இந்திய அலமாரிகளிலேயே உறங்கின.

இங்கேதான் வக்கீலின் சிறப்பு விளங்குகிறது. இலண்டனில் படித்துவிட்டு வந்தவர் நாட்டு வேரை இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம். அல்லது நாட்டுப் பற்று பொங்கிய அந்நாளில், முன்னோர் சொன்னது பொய்க்காது என்று அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டும் எளிய வழிகள். அவர் இரண்டையும் விட்டு, அளந்து பார்த்தார். பல ஆண்டுகள் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பழகிய பின், ஐம்பது நோயாளிகளைத் தேர்ந்து, வேரின் மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, அழுத்தத்தை மீண்டும் மீண்டும் குறித்தார். மருந்தை நிறுத்திய பிறகும் விடாமல் கவனித்தார். அந்தக் கட்டுரை 1949ஆம் ஆண்டு பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடும் இன்றைய முறை அதில் இல்லை. இன்று ஒரு மாணவன் அப்படி எழுதினால் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆயினும், ஏறிய அழுத்தத்தை மெல்ல இறக்கக்கூடிய, வாயால் உண்ணக்கூடிய, விலை மலிந்த ஒரு பொருள் உண்டு என்று உலகம் கேட்டது அப்போதுதான்.

பாஸ்டன் நகரத்து வில்கின்ஸ் அதைப் படித்துவிட்டுத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் வேரின் சாரமான ரெசர்ப்பினைத் தனியே பிரித்தெடுத்தனர். 1956இல் உட்வர்ட் அதைச் சோதனைச்சாலையிலேயே கட்டினார். இரசாயன மாணவர் எவரும் அந்தத் தொகுப்பை வியவாமல் இருக்க முடியாது. வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும் 1958இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. இவ்வளவுக்கும் பின் அவர் வேறு நாடு போகவில்லை. பம்பாயிலேயே நோயாளிகளைப் பார்த்து, நூல்கள் எழுதி, 1974 நவம்பரில் மறைந்தார்.

இனி அப்பாவின் மூக்குக்கு வருவோம். நரம்பின் நுனியில் நார்அட்ரினலின் என்னும் பொருள் சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. ரெசர்ப்பின் அந்தப் பைகளை நிரம்பவிடாமல் தடுத்துவிடுகிறது. குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. மூக்கின் உள்ளே உள்ள குழாய்களும் தளர்ந்து வீங்குவதால் மூக்கு அடைக்கிறது. மூளையில் மனத்தை நிமிர்த்தி வைக்கும் பொருள்களும் இதே வகைப் பைகளில்தான் இருக்கின்றன. அவையும் வற்றினால் மனிதன் சுவரைப் பார்த்துப் படுக்கிறான். பெரிய அளவில் நெடுநாள் உண்டவர்க்கு மனச்சோர்வு வருவதை 1954ஆம் ஆண்டிலேயே ஃபிரைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். எழுதிய அவரே மருந்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அளவைச் சுருக்கி, வேறிரண்டு மருந்துகளோடு சேர்த்து, மிக உயர்ந்த அழுத்தமுள்ள 143 பேரிடம் அவர் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 1967இல் வெளிவந்தது. போலி மாத்திரை உண்டவருள் 27 பேருக்குப் பக்கவாதம், இதயத்தளர்ச்சி போன்ற கொடிய விளைவுகள் நேர்ந்தன. மருந்து உண்டவருள் இருவருக்கே. வலிக்காத நோய்க்கு ஏன் மருந்து என்று அப்பா கேட்ட கேள்விக்கு இந்த இரண்டு எண்களே விடை.

வக்கீல் மறைந்த அதே 1974இல், ரெசர்ப்பின் மார்பகப் புற்று நோயை உண்டாக்கும் என்ற அச்சம் கிளம்பிற்று. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் அதற்குள் மருத்துவர் மனம் மாறிவிட்டது. புதிய மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றைப் புகழ்ந்து பேசக் கம்பெனிகள் இருந்தன. மலிவான பழைய மருந்துக்காகப் பேச யாருக்கு என்ன இலாபம்? காட்டிலே வேரையும் வரைமுறையின்றித் தோண்டிவிட்டார்கள். இன்று நாடுகளுக்கிடையே அதை விற்பது உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

இவ்வளவும் படித்த அன்று மாலையே அப்பாவையும் பொடியையும் டாக்டரிடம் கொண்டு போனேன். பொடியில் எத்தனை மில்லிகிராம் ரெசர்ப்பின் என்று அவர் கேட்டார். மண்ணுக்கு மண், வேருக்கு வேர் அது மாறும்; சிட்டிகைக்குச் சிட்டிகையும் மாறும். பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை, அந்த வேர் அழுத்தத்தை இறக்கத்தான் செய்யும். எவ்வளவு என்ற மறுபாதிக்காகவே வக்கீல் தம் ஆண்டுகளைச் செலவிட்டார்.

டாக்டர் பொடியை நிறுத்தி, அம்லோடிபின் எழுதினார். விலையைச் சொல்லி அழாத குறையாக நான் நின்றபோது, கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரைக் கொண்டு மத்திய அரசின் ஜன் ஔஷதி கடையில் கேட்கச் சொன்னார். பத்து மாத்திரை பத்து ரூபாய்க்குள் கிடைத்தது. அதே சரக்கா என்று அப்பாவுக்கு ஐயம். அட்டையின் பின்புறத்தை நானே படித்துக் காட்டினேன்.

மூக்கு இரண்டு வாரத்தில் திறந்தது. மனம் தெளிய ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் அடுப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா இருட்டில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மீதிப் பொடி இன்னும் வீட்டில் இருக்கிறது. அண்ணன் அனுப்பியதை எறிய அப்பாவுக்கு மனமில்லை. எங்கள் சோதனைச்சாலைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 178 கிராம். வரும் பருவத்தில் அதில் ரெசர்ப்பின் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பேராசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.