சிகரத்தில் கண்ட சிறு பூ

1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள். சுவிட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில் பிஸ் லினார்டு என்ற மலை 3,410 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அன்று அதன் உச்சியை இருவர் அடைந்தனர். ஒருவர் மலைவழிகாட்டியான யோகான் மாடுட்ஸ். மற்றவர் இருபத்தைந்து வயது இளைஞர் ஓஸ்வால்டு ஹேர். அவர்களுக்கு முன் எவரும் அங்கே ஏறியதாக உறுதியான பதிவு கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு ஏறியவர் என்ன செய்வார்? நாற்றிசையும் நோக்கி மகிழ்வார், களைப்பாறுவார். ஹேரோ குனிந்து கற்களின் இடுக்குகளைத் தேடத் தொடங்கினார். பூக்கும் செடிகளில் ஒரே ஓர் இனம்தான் அங்கே கண்ணில் பட்டது. ஆண்ட்ரோசேசே அல்பினா என்பது அதன் பெயர். ஆல்ப்ஸ் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத செடி அது. கல்லோடு கல்லாக மெத்தைபோல் படர்ந்து, இளஞ்சிவப்பில் சின்னஞ்சிறு பூக்கள் பூக்கும். ஹேர் அதைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

தோழியரே, இந்தச் சிறு குறிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொல்லுமுன் அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

ஹேர் 1809-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சீர்திருத்தச் சபையின் போதகர். கிளாருஸ் மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கில் மாட் என்னும் சிற்றூரில் பிள்ளைப் பருவம் கழிந்தது. தந்தையே ஆசிரியர். மற்ற நேரமெல்லாம் மலைச்சரிவில் பூச்சிகளையும் செடிகளையும் சேகரிப்பதே வேலை! தந்தையைப் பின்பற்றி ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியல் பயின்று, 1831-இல் குருப்பட்டமும் பெற்றார். ஆனால் சூரிச் நகரச் செல்வர் ஒருவரின் பூச்சிச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தச் சென்றவர், அந்நகரிலேயே தங்கிவிட்டார். புதிதாகத் தோன்றியிருந்த பல்கலைக்கழகத்தில் 1834 முதல் கற்பித்தார். தாவரத் தோட்டத்தையும் அவரே கவனித்தார்.

மலையில் எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று எழுதி வைப்பது அவருடைய வழக்கம். வெறும் பாறையாகத் தோன்றும் இடத்தையும் அவர் விடவில்லை. செடிகள் நிறைந்த புல்வெளியில் பட்டியல் எழுத யாருக்கும் ஆசை வரும். ஒன்றே ஒன்று இருக்கும் இடத்திலும் பட்டியல் எழுதுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும் அல்லவா?

1850-இல் நுரையீரல் நோய் அவரைத் தாக்கியது. குளிர்காலத்தை மதேராத் தீவில் கழித்து ஓரளவு உடல் தேறித் திரும்பினார். பிற்காலத்தில் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். மலையேறிய கால்கள் ஓய்ந்தன, கைகள் ஓயவில்லை. கிரீன்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன் ஆகிய பனிநாடுகளிலிருந்து பயணிகள் கல்லாகிப்போன இலைகளை அவருக்கு அனுப்பினர். தாம் ஒருமுறையும் கண்டிராத அந்நாடுகளில் முன்னொரு காலத்தில் பெருங்காடுகள் இருந்தன என்பதை அவ்விலைகளைக் கொண்டே எடுத்துக்காட்டினார். 1868 முதல் 1883 வரை ஏழு தொகுதிகள் வந்தன. ஸ்பிட்ஸ்பெர்கனில் ஒரு நிலப்பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் கூறியதெல்லாம் நிலைத்துவிடவில்லை. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்த ஒரு கண்டம் கடலில் மூழ்கியது என்று நம்பினார், அது தவறாயிற்று. கல்லிலைகள் பலவற்றுக்கு அவர் இட்ட பெயர்களையும் பின்வந்தோர் மாற்றினர். 1883 செப்டம்பர் 27-ஆம் நாள் லோசான் நகரில் அவர் உயிர் நீத்தார். பனிமலை உச்சிகளின் செடிகளைப் பற்றிய அவருடைய நூல் அதன் பிறகே வெளிவந்தது.

இனி அந்தக் குறிப்பிற்கு வருவோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964-இல் தொடங்கிய சிவப்புப் பட்டியலில், ஓர் இனம் அழிவை நோக்கிச் செல்கிறதா என்று மதிப்பிடுகிறார்கள். பத்து ஆண்டுகளில், அல்லது அதனினும் நீண்டதானால் அவ்வினத்தின் மூன்று தலைமுறைக் காலத்தில், எவ்வளவு குறைந்தது என்பது அதில் ஒரு முக்கியக் கேள்வி. முன்பு எவ்வளவு இருந்தது என்பதை எவரேனும் எழுதி வைத்திராவிட்டால் விடை கூறுவது எப்படி? கண்ணால் பார்த்து முடிவு கட்ட இயலாது. பறித்துப் பறித்தே அழித்துவிடுவார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஞ்சப்பட்ட எடல்வைஸ் பூ, இன்றைய ஐரோப்பியப் பட்டியலில் கவலை குறைந்த இனமாகவே உள்ளது. அதைவிடப் பேச்சில் அடிபடாத ஆல்ப்ஸ் எரிஞ்சியம் என்னும் நீலப்பூச் செடியோ ஆபத்தை நெருங்கியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

ஹேருக்குப் பின் தாவர அறிஞர்கள் பிஸ் லினார்டு உச்சிக்கு மீண்டும் மீண்டும் ஏறினர். 1937-இல் எண்ணியபோது பத்து இனங்கள். 2011-இல் பதினாறு! ஒன்று பதினாறானால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவை கீழிருந்து வந்தவை; மலை வெப்பமடைவதால் மேலே ஏறுபவை. ஐரோப்பாவின் 302 சிகரங்களின் பழைய பட்டியல்களையும் புதியவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 1957 முதல் 1966 வரை ஒரு சிகரத்தில் சராசரியாக 1.1 இனம் கூடியது. 2007 முதல் 2016 வரை 5.5 இனங்கள் கூடின. வருபவை பெரும்பாலும் விரைந்து வளரும் உயரமான செடிகள். தரையோடு ஒட்டி வாழும் குளிர்நாட்டுச் செடிகளை அவை காலப்போக்கில் நெருக்கிவிடக்கூடும் என்று அறிஞர்கள் அஞ்சுகின்றனர்.

கீழே உள்ள செடி மேலே ஏறலாம். ஹேர் கண்ட அந்த இளஞ்சிவப்புப் பூவோ ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அதற்கு மேல் மலை இல்லை.