முடிக்காமல் விட்ட மாமேதை

‘மோனலிசா’வின் புன்னகையை அறியாதார் இலர். அதனைத் தீட்டிய லியனார்டோ டாவின்சி ஓவியர், சிற்பி, பொறியியல் வல்லுநர், உடற்கூற்று ஆய்வாளர், இசை வல்லார் எனப் பல துறைகளிலும் ஒளிவீசியவர் என்பதைப் பள்ளிப் பாடநூல்களிலேயே படித்திருக்கிறோம். ஆனால், அவர் வாழ்ந்த நாளில் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துத் தராதவர் என்பதே அது. அவர் கைவண்ணம் என்று அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் ஓவியங்கள் இன்று 20க்கும் குறைவு. அவற்றுள்ளும் சில அரைகுறையாக நின்றவை. 67 ஆண்டுகள் வாழ்ந்து, சோம்பல் என்பதையே அறியாது உழைத்த ஒருவர் இவ்வளவு குறைவாக விட்டுச் சென்றது ஏன்?

அவர் மறைந்து 500 ஆண்டுகள் நிறைந்த 2019ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு விடை வெளிவந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் மார்க்கோ கட்டானியும், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ மஸ்ஸரெல்லோவும் ‘பிரெயின்’ என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினர். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று இன்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலையே லியனார்டோவின் வாழ்க்கைப் புதிருக்குப் பொருத்தமான விளக்கம் என்பது அவர்கள் கருத்து. ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் பலரும் இதனை அறிவர். இறந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்க யாராலும் இயலாது. கட்டுரையாளர்களும் அதை உணர்ந்தே எழுதியுள்ளனர். எனவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் கைவிளக்காகக் கொண்டு அவர் வாழ்க்கைக்குள் ஒருமுறை சென்று வருவோம்.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். கவனக்குறைவு என்பது நம்மை ஏமாற்றும் பெயர். இந்நிலை உடையோரிடம் கவனம் இல்லாமல் இல்லை. அது ஏவிய இடத்திற்கு வருவதில்லை, அவ்வளவுதான். பிடித்த பொருளில் பசி தூக்கம் மறந்து மூழ்குவார்கள். பிடிக்காத, அல்லது புதுமை தீர்ந்துபோன வேலையில் பத்து நிமிடம் நிலைப்பது மலையைப் பிளப்பது போல் இருக்கும். தொடங்குவது எளிது, தொடர்வது அரிது, முடிப்பது அதனினும் அரிது. காலத்தைக் கணிப்பதில் தடுமாற்றமும் உண்டு. குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது இருப்பதாக உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு கூறுகிறது. வயது ஏறினால் போய்விடும் என்று முன்பு நம்பினார்கள். ஓட்டமும் துள்ளலும் அடங்குவது உண்மையே. ஆனால், பலருக்கு அந்த அமைதியின்மை வெளியே அடங்கி உள்ளே குடியேறிவிடுகிறது. 12 வயதுக்கு முன்பே இதன் அடையாளங்கள் தென்பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. ஆதலால், நாமும் சிறுவன் லியனார்டோவிடமிருந்தே தொடங்குவோம்.

1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இத்தாலியின் வின்சி என்னும் சிற்றூர்ப் புறத்தில் அவர் பிறந்தார். தந்தை பியரோ, பத்திரங்கள் எழுதிச் சான்றளிக்கும் நோட்டரி. தாய் கத்தரீனா எளிய பெண். அவர்களுக்குள் திருமணம் நடக்கவில்லை. முறைப்படி பிறக்காத மகன் தந்தையின் தொழிற்சங்கத்தில் சேர இயலாது. ஆகவே, நோட்டரிக்குரிய இலத்தீன் கல்வியை அவருக்கு யாரும் ஊட்டவில்லை. பாட்டனார் வீட்டிலும் வயல்வெளியிலும் வளர்ந்தார். ஓவியர் வரலாறுகளை 1550இல் வெளியிட்ட வசாரி, சிறுவன் லியனார்டோ பலவற்றையும் கற்கத் தொடங்கிப் பின் ஒவ்வொன்றாகக் கைவிட்டதைக் குறிப்பிடுகிறார். கணக்குப் பாடத்தில் சில மாதங்களே பயின்று, கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆசிரியரையே திணற வைத்தானாம்! வசாரி லியனார்டோவை நேரில் கண்டவரல்லர், கேள்விப்பட்டதை எழுதியவர். ஆயினும், இந்தச் சித்திரம் பின்னாளைய மனிதருக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது!

பிறப்பின் குறை ஒருவகையில் அவருக்கு வாய்ப்பாயிற்று என்பது என் எண்ணம். இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் இருக்கையில் ஏழெட்டு ஆண்டுகள் அவர் கட்டுண்டு கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாறாக, புளோரன்சு நகரில் வெரோக்கியோவின் பட்டறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாடம் என்பது கையால் செய்வது. வண்ணம் அரைத்தல், களிமண் பிசைதல், வெண்கலம் வார்த்தல், பொன் பூசுதல் என ஒரே நாளில் பல வேலை. செய்த தவறு உடனே கண்ணுக்குத் தெரியும்; குருவும் அருகிலேயே இருப்பார். 1472இல் ஓவியர் சங்கத்தில் அவர் பெயர் பதிவாயிற்று.

தனித்துத் தொழில் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. 1478இல் புளோரன்சு அரசு மாளிகையின் சிற்றாலயத்திற்கு ஒரு பலிபீட ஓவியம் கேட்டார்கள். முன்பணம் வாங்கினார், ஓவியம் வரவில்லை. 1481இல் நகருக்கு வெளியே இருந்த சான் தொனாத்தோ மடத்துத் துறவியர், குழந்தை இயேசுவை ஞானியர் வணங்கும் காட்சியைத் தீட்டித் தருமாறு ஒப்பந்தம் செய்தனர். 24 மாதம், மிஞ்சினால் 30 மாதம் என்பது கெடு. பழுப்பு நிற அடிப்படைத் தீட்டலோடு அதை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டளவில் மிலான் நகருக்குப் புறப்பட்டுவிட்டார். துறவியர் பல்லாண்டு காத்திருந்து, முடிவில் 1496இல் பிலிப்பினோ லிப்பி என்ற ஓவியரிடம் வேறொரு படம் பெற்றனர். வேடிக்கை என்னவெனில், முன் சொன்ன மாளிகை ஆலயத்திற்கும் படம் தந்தவர் அதே லிப்பிதான். ஒரு மேதை விட்டுச் சென்ற கடனை அடைப்பதே அந்த நல்ல மனிதருக்குத் தொழிலாயிற்று போலும்! லிப்பியின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவோம்?

மிலானிலும் இதே கதைதான். 1483 ஏப்ரலில் ஒப்புக்கொண்ட ‘பாறைகளின் கன்னி’ அவ்வாண்டு திசம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கு வேண்டியது. அதன் வழக்கும் வம்பும் தீர 1508 ஆயிற்று. கூலி பற்றிய தகராறும் அதில் கலந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அவ்வாறே, மிலான் கோமகன் லுடோவிக்கோ கேட்ட மாபெரும் குதிரைச் சிலை நின்றுபோனதற்கும் லியனார்டோ மட்டுமே காரணமல்லர். 1493இல் களிமண் உருவம் ஆயத்தமாயிற்று. ஆனால், அதற்கென வைத்திருந்த வெண்கலம் 1494இல் பீரங்கி வார்க்கப் போய்விட்டது. 1499இல் நகரைப் பிடித்த பிரெஞ்சு வீரர்கள் அந்தக் களிமண் குதிரையை அம்பெய்து பழகும் இலக்காக்கிச் சிதைத்தனர்.

இனி, அவர் உள்ளம் இயங்கிய விதத்தைக் கண்முன் காட்டும் இடத்திற்கு வருகிறோம். அதுவே ‘இறுதி விருந்து’. மிலானில் ஒரு துறவியர் மடத்தின் உணவுக்கூடச் சுவரில் ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை அதைத் தீட்டினார். அம்மடத்துத் தலைவரின் உறவினனான பந்தெல்லோ என்ற சிறுவன் அந்நாளில் அங்கு வந்து போனான். பின்னாளில் கதாசிரியராகப் புகழ்பெற்ற அவர் எழுதி வைத்த காட்சி இது. சில நாட்களில் லியனார்டோ விடியலிலேயே சாரத்தின் மேல் ஏறுவார். உணவும் நீரும் மறந்து, பொழுது சாயும்வரை தூரிகையைக் கீழே வைக்கமாட்டார். பிறகு மூன்று நான்கு நாட்கள் சுவரில் கையே வைப்பதில்லை. கைகட்டி நின்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு நாள், உச்சி வெயிலில், குதிரைச் சிலை வேலையைப் போட்டுவிட்டு நகரைக் கடந்து ஓடிவந்து, ஓரிரு கோடு இழுத்துவிட்டு மீண்டும் போய்விடுவார்.

ஈரம் காய்வதற்குள் சுண்ணச் சாந்தின் மேல் தீட்டி முடிப்பதே சுவரோவியத்தின் மரபு. அன்றன்றைய பங்கை அன்றன்றே முடித்தாக வேண்டும். இத்தகைய மனிதருக்கு அது எப்படி இயலும்? எனவே உலர்ந்த சுவரில் வண்ணம் பூசும் முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். நினைத்தபோது தீட்டலாம், நினைத்தபோது திருத்தலாம். தம் இயல்புக்கு ஏற்ப வேலையின் விதியை வளைத்தார். விளைவு? அவர் உயிரோடு இருக்கும்போதே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1556இல் வசாரி பார்த்தபோது வெறும் கறைகளே மிஞ்சியிருந்தனவாம். 1978 முதல் 1999 வரை 20 ஆண்டுக்கும் மேலாகச் செப்பனிட்ட பிறகே இன்று நாம் காணும் அளவுக்கேனும் அது மீண்டது. 1497இல் கோமகன் தம் செயலாளருக்கு அனுப்பிய குறிப்பொன்றில், லியனார்டோவை நெருக்கி அந்த வேலையை முடிக்கச் செய்யுமாறு கட்டளை இருக்கிறது. பின்னால் நின்று தள்ள ஒருவர் இருந்ததனால் இது முடிந்தது என்று கூடச் சொல்லலாம்.

1501இல் இசபெல்லா என்ற அரசமாது தமக்கொரு படம் வேண்டிப் புளோரன்சுக்கு ஆள் விட்டபோது, லியனார்டோ வடிவக் கணிதத்தில் மூழ்கித் தூரிகை மேலேயே வெறுப்புற்றிருப்பதாக மறுமொழி போயிற்று. 1503இல் அந்நகர மன்றச் சுவரில் ‘அங்கியாரிப் போர்’ ஓவியத்தை ஏற்றார். புதுமுறை வண்ணம் தோற்றது. 1506இல் மிலானுக்குத் திரும்பினார். பணத்தைப் பெற்றுக்கொண்டு சிறிதே செய்தார் என்று நகரத் தலைவர் சொதெரினி கடிந்து எழுதினார். உரோமில் போப்பாண்டவர் பத்தாம் லியோ ஒரு படம் கேட்க, லியனார்டோ முதலில் படத்தின் மேற்பூச்சுக்கு எண்ணெய் காய்ச்சத் தொடங்கினாராம். தொடங்குமுன்பே முடிவை எண்ணும் இவரால் எதுவும் ஆகாது என்று போப்பாண்டவர் சலித்துக்கொண்டதாக வசாரி கூறுகிறார்.

இவ்வளவுக்கும் நடுவே தம்மைத் தாமே தாங்கிப் பிடிக்க அவர் கண்ட துணை குறிப்பேடு. இடுப்புக் கச்சையில் சிறு ஏடு தொங்கும். பார்த்தது, நினைத்தது, செய்ய வேண்டியது எல்லாம் உடனுக்குடன் அதில் ஏறும். இடக்கையால் வலமிருந்து இடமாக எழுதியவை. கண்ணாடியில் காட்டினால்தான் நேராகத் தெரியும். ஏறத்தாழ 7000 பக்கங்கள் இன்றும் உள்ளன. ஒரு பட்டியலில் மிலான் நகரை அளப்பது, முக்கோணத்தைச் சதுரமாக்கும் வழியைக் கணக்காசிரியரிடம் கேட்பது, பிளாண்டர்ஸ் நாட்டார் பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என விசாரிப்பது எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வேறோரிடத்தில் மரங்கொத்தியின் நாக்கை விளக்க வேண்டும் என்றொரு நினைவூட்டல்! புதிய பேனா முனையைத் தீட்டி எழுதிப் பார்க்கும்போதெல்லாம், எதுவேனும் எப்போதேனும் செய்து முடிக்கப்பட்டதா என்று கேட்கும் அரை வரியை அவர் கை தானாக எழுதியிருக்கிறது. பக்கம் பக்கமாக அதைக் காணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. தாம் எப்படிப்பட்டவர் என்பதை அவர் அறியாமல் இல்லை.

மாணவத் தோழர்களே, மேதைக்கு இதுவே அடையாளம் என்று சிலர் இன்று எழுதுகிறார்கள். முடிக்காததால்தான் அவர் பெரியவர் என்பது போன்ற பேச்சு அது. அதை நான் ஏற்கவில்லை. 30க்கும் மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்ததாக அவரே குறித்துள்ளார். இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் பாயும் வாயிலில் சிறு சுழல்கள் எழுந்து, வால்வின் இதழ்களை மூட உதவுகின்றன என்பதை 1513 வாக்கில் வரைந்து விளக்கினார். அது சரியே என்று 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் கண்டனர். அந்நூலை ஒழுங்குபடுத்தி அச்சிட்டிருந்தால்? 1543இல் வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலை வெளியிட்டபோது, அதற்கு 30 ஆண்டு முன்பே இவ்வளவு கண்டவர் ஒருவர் இருந்தார் என்ற பயன் மருத்துவ உலகிற்குக் கிட்டவில்லை. உடன் உழைத்ததாகச் சொல்லப்படும் மருத்துவப் பேராசிரியர் மார்கன்தோனியோ டெல்லா தோரே 1511இல் இளவயதிலேயே இறந்துபோனார். தள்ளிவிட ஆளில்லாத வேலை நின்றுவிட்டது. இழப்பு அவருக்கு மட்டுமா?

நம் வகுப்பின் கடைசி இருக்கையில் பாதிப் பக்கம் எழுதிவிட்டுச் சன்னலைப் பார்க்கும் மாணவர் லியனார்டோ ஆகிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. லியனார்டோவாக இல்லாததனால் அவருக்கு உதவி தேவையில்லை என்றும் ஆகாது. வேலையைச் சிறு சிறு துண்டாகப் பகுத்தல், எழுதி வைத்தல், அருகிருந்து நினைவூட்டும் ஒருவர், தேவையெனில் மருத்துவரும் மருந்தும் என இன்று வழிகள் உள்ளன. லியனார்டோவுக்கு வாய்த்தவை ஒரு பட்டறையும் ஓர் ஏடும் பொறுமையுள்ள சில புரவலர்களுமே. அவையும் அவர் காலத்தில் எத்தனை பேருக்கு வாய்த்தன?

அவருடைய கடைசிப் புரவலர் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ். அம்புவாசு அரண்மனைக்கு அருகில் வீடும் ஊதியமும் தந்தார். கெடு எதுவும் விதிக்கவில்லை. 1503 வாக்கில் தொடங்கி, கேட்டவருக்குக் கொடுக்காமலேயே வைத்திருந்த ‘மோனலிசா’வும் உடன் சென்றது. 1518 அளவில் எழுதிய ஒரு தாளில், செங்கோண முக்கோணங்கள் பற்றிய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கிறது. சூப் ஆறிப்போகிறது என்பதே அவர் எழுதி வைத்த காரணம். 1519 மே 2ஆம் நாள் காலமானார். சீடர் மெல்சி எல்லா ஏடுகளையும் இத்தாலிக்குக் கொண்டுவந்து, ஓவியம் பற்றிய பகுதிகளை மட்டும் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு நூலாக அச்சேறியது 1651இல். மெல்சிக்குப் பின் அவர் மகனுக்கு அந்தத் தாள்களின் அருமை தெரியவில்லை. பரணில் கிடந்து, கேட்டவர் கைக்கெல்லாம் போய், அவை நாடு நாடாகச் சிதறின.