ரொனால்ட் ராஸும் வரிக்கொசுவும்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் வயல்களைக் காணும் யாத்திரிகர் பெரியாற்றுத் தண்ணீரைப் புகழாமல் போவதில்லை. 1895-ஆம் வருஷத்தில் அத்தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே முதன் முதலாக இப்பக்கம் வந்தது. ஆனால் அவ்வணையைக் கட்டப்போன கூலி ஜனங்களில் எத்தனையோ பேர் காட்டு ஜுரத்தால் மாண்டார்கள் என்பதை நாம் நினைப்பது அருமை. எதனால் மாண்டோம் என்பது மாண்டவர்களுக்கும் தெரியாது. அவர்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியர்களுக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணமென்று பண்டிதர்களும் நம்பியிருந்த காலம் அது. அதே 1895-ஆம் வருஷத்தில் சிகந்தராபாத்தில் ஓர் இராணுவ வைத்தியர் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவரே ஸர் ரொனால்ட் ராஸ். இப்பொழுது அதே பள்ளத்தாக்கில் வேறொரு கொசு டெங்கு என்னும் வேறொரு ஜுரத்தைப் பரப்பி வருகிறபடியால், அவருடைய சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது பயன் தரும் என்று கருதுகிறோம்.

ராஸ் 1857-ஆம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தகப்பனார் இந்தியப் பட்டாளத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். எட்டாம் வயதில் பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்குச் சித்திரத்திலும் கவிதையிலும் சங்கீதத்திலும் மோகம். தகப்பனாரோ வைத்தியம் படிக்கவேண்டுமென்று கட்டளையிட்டார். விருப்பமின்றிப் படித்த ராஸ், ஒரு பரீக்ஷையில் தவறிக் கப்பல் வைத்தியராகவும் காலம் கழித்து, 1881-ல் இந்திய வைத்திய இலாகாவில் சேர்ந்து சென்னை இராஜதானிக்கு வந்தார்.

1883-ல் அவர் பெங்களூரில் இருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவம் நம்மூர்க் குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் அறியத் தக்கது. அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, தொட்டியைக் கவிழ்த்தார். கொசு மறைந்தது. மற்றத் தொட்டிகளையும் இவ்வாறே காலி செய்யலாமென்று மேலதிகாரியிடம் சொன்னார். இயற்கை படைத்ததை நாம் அழிக்கலாகாது என்ற தோரணையில் அவர் மறுத்துவிட்டார். நோய் இன்னதென்று தெரியாத காலத்திலேயே பரிகாரம் கைக்கு எட்டியிருந்தது. அதைச் செய்ய மனம்தான் இல்லை.

மலேரியாவுக்குக் காரணமான கிருமியை 1880-ல் ஆல்ஜீரியாவில் பிரெஞ்சு வைத்தியர் லாவெரான் கண்டுபிடித்திருந்தார். இந்தியாவிலிருந்த ராஸுக்கு அது புலப்படவில்லை, ஆகவே நம்பவுமில்லை. 1894-ல் ரஜாவில் லண்டன் சென்றபோது பாட்ரிக் மான்ஸன் என்ற வைத்தியர் அக்கிருமியைக் கண்ணாரக் காட்டினார். மான்ஸன் 1877-லேயே சீனத்து அமாய் துறைமுகத்தில், யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டவர். மலேரியாவும் அவ்வாறே கொசுவினுள் வளரக்கூடுமென்பது அவருடைய ஊகம். அன்று முதல் இருவரும் நண்பர்கள். ராஸ் இந்தியா திரும்பியபின் கடிதங்களும் கண்ணாடிச் சில்லுகளில் பதித்த மாதிரிகளும் கப்பல் தோறும் போயின. சீனத்தில் கற்றதும், ஆல்ஜீரியாவில் கண்டதும், லண்டனில் ஊகித்ததும், இந்தியாவில் சோதிக்கப்பட்டன. பல தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவரோடொருவர் பின்னிய வலை என்று இக்காலத்தில் சொல்லுகிறோமே, அதன் ஆதி உருவம் இந்தத் தபால் பைதான்.

வலையில் தவறும் வந்தது. கொசு நீரில் விழுந்து செத்து, அந்நீரைக் குடிப்பவனுக்கு நோய் வருமென்று மான்ஸன் எண்ணினார். ராஸ் அதைச் சோதித்துப் பயனில்லையெனக் கண்டார். குருவின் வார்த்தையானாலும் பரீக்ஷித்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிகந்தராபாத்தில் ஹுஸேன் கான் என்ற நோயாளி, தம்மைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு கடிபட்டார். ராஸ் கையில் முதலில் அகப்பட்டவை சாம்பல் நிறக் கொசுக்களும், காலிலும் உடலிலும் வெள்ளை வரியுடைய கொசுக்களும்தான். இரண்டு வருஷம் அவற்றை அறுத்து அறுத்துச் சலித்தார். கொசு வகைகளைப் பெயரிட்டுச் சொல்லத்தக்க நிபுணர் எவரும் அருகில் இல்லை. நடுவில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897-ல் உதகமண்டலம் சென்று, சீகூர் மலைச்சரிவில் தாமே மலேரியாவால் வருந்தினார். அவ்வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி, புள்ளிச் சிறகுடைய அனோபிலிஸ் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். அந்நாள்தான் இன்று உலகக் கொசு தினமாக அனுசரிக்கப்படுகிறது.

சர்க்கார் செய்த மரியாதை என்ன? மலேரியா நோயாளிகள் கிடைக்காத இராஜபுதனத்து கேர்வாராவுக்கு அவரை மாற்றினார்கள். மான்ஸனின் முயற்சியாலேயே 1898-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே முகம்மது பக்ஸ், கிஷோரி மோகன் பந்த்யோபாத்தியாயர் முதலிய இந்தியர் துணை நிற்க, பறவை மலேரியாவில் கிருமியின் முழு வட்டத்தையும் நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார், 1932-ல் காலமானார். அந்நிய ஆட்சியின் ஊழியரை நாம் புகழலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டார் இரத்தம் கொடுத்தும் கைகொடுத்தும் பிறந்த வித்தை அது. அதில் நமக்கும் பாத்தியதை உண்டு. அத்துணைவரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ராஸிடம் குறையும் இருந்தது. இத்தாலியப் பண்டிதர் கிராஸ்ஸியுடன் முதன்மைக்காக நடத்திய சச்சரவு அவருடைய பிற்காலத்தின் அமைதியைக் குலைத்தது.

இனி அந்த வரிக்கொசுவைக் கவனிப்போம். மலேரியாவைச் சுமக்காததால் ராஸ் ஒதுக்கிய அக்கொசுவையே, மஞ்சள் ஜுரத்துக்குக் காரணமென்று கியூபாவின் கார்லோஸ் பின்லே 1881-லேயே சொல்லியிருந்தார். பத்தொன்பது வருஷம் அவர் சொல் ஏறவில்லை. 1900-ல் அமெரிக்கக் குழுவினருக்கு அவரே கொசு முட்டைகளைக் கொடுத்து உதவிய பிறகுதான் அது நிரூபணமாயிற்று. 1906-ல் ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட், டெங்குவையும் இதுவே பரப்புகிறதென்று காட்டினார். 1943-ல் ஜப்பானியர் கிமுராவும் ஹொட்டாவும் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கர் ஸேபினும் தம் சகாக்களுடன் அதைச் சாதித்தார். அவர் ஆராய்ந்த இரத்தத்தில் இந்தியாவிலிருந்த சிப்பாய்களுடையதும் உண்டு. யுத்தம் தபாலை அடைத்துவிட்டபடியால் இரு தேசத்தாரும் தனித்தனியே ஒரே கதவைத் தட்டினார்கள்.

இன்று கதவுகள் திறந்திருக்கின்றன. புதுச்சேரியில் 1975-ல் தோன்றிய கொசு ஆராய்ச்சி நிலையத்தார், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையிலிருந்து முட்டைகளைப் பெற்று, வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் ஏறிய வரிக்கொசுக்களை வளர்த்திருக்கிறார்கள். அந்நுண்ணுயிர் இருந்தால் கொசுவினுள் டெங்கு வைரஸ் பெருகுவது குன்றும். ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்டதில் டெங்கு நூற்றுக்கு 77 வீதம் குறைந்ததென 2021-ல் பிரசுரமாயிற்று. அமெரிக்க ஆராய்ச்சிசாலையில் பிறந்த வித்தைக்கொண்டு இந்தியாவிலும் பிரேஸிலிலும் தடுப்பு மருந்து செய்கிறார்கள். நம் தேசத்தில் அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 ஆகஸ்டில் 19 இடங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கியது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு; ஒன்றை வென்றவரை மற்றொன்று முன்னிலும் கொடிதாகத் தாக்கக்கூடும். ஆகையால்தான் ஒரு தேசத்தின் அறிவு மட்டும் போதுவதில்லை.

ஆயினும் வலையின் கடைசிக் கண்ணி நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. வரிக்கொசு வயலிலோ சாக்கடையிலோ அல்ல, நாம் சேமிக்கும் நல்ல தண்ணீரில் பிறக்கிறது, பகலில் கடிக்கிறது. கூடலூர் முதல் தேனி வரை, சிமெண்டுத் தொட்டியும், பீப்பாயும், மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லும், பழைய டயரும், தேங்காய்ச் சிரட்டையும் அதற்குத் தொட்டில்கள். அதன் முட்டை நீர் வற்றினாலும் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடக்கூடுமாதலால், வாரம் ஒரு நாள் தவறலாகாது. கொசுவைப் பூண்டோடு ஒழிக்காவிடினும், ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் நோய் தானே அடங்கும் என்று ராஸ் பின்னாளில் கணிதத்தால் நிறுவினார். அடுத்த வீட்டார் செய்யட்டுமென்று காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலையில் போடிமெட்டும் குமுளியும் ஏறி மாலையில் திரும்பும் தொழிலாளருக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டன்று. அவர்கள் இரத்தத்தில் ஏறும் ஜுரத்துக்கும் அப்படியே. மலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஜுரம் கண்டால் இப்பால் அன்றே தெரியவேண்டும்; இங்கே கண்டால் அங்கே தெரியவேண்டும். லண்டனுக்கும் சிகந்தராபாத்துக்கும் இடையே ஒரு கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கு ஆன காலத்தில் இரண்டு மனிதர் அதைச் சாதித்தார்கள். இரு மாகாணத்துச் சுகாதார ஊழியரும், ஊர்ப் பெரியோரும், தொண்டு செய்ய முன்வந்திருக்கும் இளைஞரும் மனம் வைத்தால் நம்மால் ஆகாதா? அணை கட்டப் போய் மாண்டவர்களுக்குக் காரணம் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் தொட்டியைக் கழுவாதிருப்போமானால் அப்பழி எவரையும் சாராது, நம்மையே சாரும்.