எளியோர்க்குப் பள்ளி தந்த லசால் அடிகளார்

பள்ளிக்கூடம் என்றவுடன் கட்டடமும் மணியும் கரும்பலகையும் நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் அமைந்திருந்தும் நல்லாசிரியர் இல்லையேல் அவ்விடம் பள்ளியாகாது. நல்லாசிரியர் ஒருவர் வாய்ப்பாராயின் மரத்தடியும் பள்ளியாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து உலகிற்கு உணர்த்திய சான்றோர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜான் பாப்டிஸ்ட் டி லசால் அடிகளார்.

பிரான்சு நாட்டு மன்னர்கள் முடிசூடிக் கொண்ட பழம்பெரும் நகரம் ரெய்ம்ஸ். அந்நகரில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் லசால் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த அக்குடும்பத்தின் மூத்த மகனாகிய லசால், 15 வயதிலேயே அந்நகரப் பேராலயத்தின் குருமார் குழுவில் இடம்பெற்றார். அப்பதவி பெருமதிப்பும் நிலையான வருவாயும் உடையது. பின்னர்ப் பாரிசு மாநகர் சென்று சமயக்கல்வி பயிலலானார். ஆனால், 1671-இல் அன்னையாரும் 1672-இல் தந்தையாரும் அடுத்தடுத்து உயிர்நீத்தனர். இருபது வயதைக் கடந்த அவ்விளைஞர், தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்று ஊர் திரும்பினார். கடமையையும் கல்வியையும் ஒருங்கே பேணி, 1678-இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் நகரங்களில் வாழ்ந்த எளிய மக்களின் நிலை இரங்கத்தக்கது. நெருங்கிய சந்துகளில், காற்றும் வெளிச்சமும் புகாத சிறு வீடுகளில் தொழிலாளர் வாழ்ந்தனர். தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் செல்வர். சிறுவர்களோ தெருவில் திரிவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு வீட்டிற்கே ஆசிரியர் வருவார். ஏழைப் பிள்ளைகளுக்கோ எழுத்து எட்டாக் கனியாக இருந்தது. அவர்கட்கெனத் தோன்றிய சில பள்ளிகளும் நிலைத்து நில்லாமல் மறைந்தன. ஆசிரியராக வந்தோர் பலர் பயிற்சி இல்லாதவர், ஊதியம் குறைந்தவர், ஊரார் மதிப்பைப் பெறாதவர்.

இந்நிலையில், 1679-ஆம் ஆண்டில் ஏட்ரியன் நியெல் என்னும் முதியவர், ஏழைச் சிறுவர்கட்குப் பள்ளி நிறுவும் நோக்குடன் ரெய்ம்ஸ் நகருக்கு வந்தார். லசால் அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டிலேயே பள்ளிகள் தோன்றின. சிறிது உதவிசெய்து ஒதுங்கிக் கொள்வதே லசால் முதலில் கொண்ட எண்ணம். ஆனால், நியெல் புதுப்பள்ளிகளைத் தொடங்குவதில் காட்டிய ஆர்வத்தை, தொடங்கியவற்றை நடத்துவதில் காட்டவில்லை. வழிகாட்டுவார் இன்றி ஆசிரியர் தளர்ந்தனர், பள்ளிகளும் தளர்ந்தன. ஆசிரியரை உருவாக்கினாலன்றிப் பள்ளியை உருவாக்க இயலாது என்பதை லசால் கண்டுகொண்டார்.

எனவே, அவ்வாசிரியர்களைத் தம் வீட்டிற்கு அழைத்து உடன் உண்ணச் செய்தார். 1681-இல் தம் இல்லத்திலேயே குடியிருக்கவும் செய்தார். இஃது எளிய செயலன்று. தம் பணியாளரினும் தாழ்ந்தவராக அவ்வாசிரியரை ஒருகாலத்தில் எண்ணியவர் லசால். இன்று அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தார். உறவினர் வெகுண்டனர்; குடும்பப் பெருமை குலைந்ததென்று குறைகூறினர். லசால் அசைந்தாரில்லை. 1682-இல் பரம்பரை வீட்டையே விட்டு நீங்கி, ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு வீட்டில் ஆசிரியரோடு குடியேறினார்.

அங்கே கடுஞ்சோதனை ஒன்று காத்திருந்தது. நாளைய உணவிற்கு என் செய்வோம் என்று ஆசிரியர்கள் கவலையுற்றனர். இறைவனை நம்புமாறு லசால் அறிவுரை கூறினார். அவர்களோ, செல்வமும் பதவியும் உடைய தாங்கள் இவ்வாறு கூறுவது எளிது, பள்ளி மூடப்பட்டால் தெருவில் நிற்பவர் நாங்களன்றோ என்று வினவினர். அச்சொல் அவர் நெஞ்சைத் தைத்தது. அதில் உண்மை இருந்தது. தம் செல்வத்தைக் கொண்டு பள்ளிகளுக்கு நிலையான பொருள் வைக்கலாமா என எண்ணினார். ஆசிரியரைப் போலவே தாமும் ஏழையாவதே தக்கது எனத் தெளிந்தார். 1683-இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அதனைத் தம் தம்பிக்குத் தாராமல் வறிய குரு ஒருவருக்கு அளித்தார். 1684-ஆம் ஆண்டையொட்டிக் கொடிய பஞ்சம் வந்தது. தம் செல்வத்தையெல்லாம் உணவாக்கிப் பசித்தவர்க்கு வழங்கினார். அதன்பின் அவ்வாசிரியர் எவரும் அவ்வினாவை எழுப்பவில்லை.

அவர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என அழைத்தனர். ஓர் அறச்சபையாக ஒன்றுகூடினர். கற்பித்தலே அவர்கள் ஆற்றிய ஒரே தொண்டு. அதற்கு இடையூறு நேராவண்ணம், சகோதரர் எவரும் குருப்பட்டம் பெறலாகாது என்றும் விதி வகுக்கப்பட்டது.

1688-இல் அடிகளார் இரு சகோதரருடன் பாரிசு மாநகரை அடைந்தார். மக்கள் நெருங்கி வாழ்ந்த சான் சுல்பீஸ் பகுதியில் ஏழைப் பிள்ளைகட்கான பள்ளி ஒன்றை ஏற்றார். மாணவர் பலர் இருந்தனர், ஒழுங்கோ இல்லை. அவர் செய்த சீர்திருத்தங்கள் கல்வி வரலாற்றில் சிறந்த இடம் பெறுகின்றன. முன்பு ஆசிரியர் ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அழைத்துப் பாடம் கேட்பார். ஏனையோர் வீணே பொழுதைக் கழிப்பர். அடிகளார் மாணவரை அறிவுநிலைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, அனைவரும் ஒருங்கே பயிலும் முறையை அமைத்தார். வாசிப்புக் கல்வியை இலத்தீன் மொழியில் தொடங்குவதே அந்நாளைய வழக்கம். தச்சன் மகனுக்கும் கொத்தன் மகனுக்கும் புரியாத மொழியால் என்ன பயன்? அவர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கச் செய்தார். தாய்மொழிக் கல்வியின் பயனை அந்நாளிலேயே உணர்ந்து செயற்படுத்திய பெருமை அவர்க்கு உண்டு. 1699-இல், வேலைக்குச் செல்லும் இளைஞர்க்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் நடத்தினார்.

நற்பணிக்கு இடையூறும் வந்தது. கட்டணம் பெற்றுக் கற்பித்துவந்த எழுத்தாசிரியர் சங்கத்தார், தம் பிழைப்புக் கெடுகிறதென்று வழக்குத் தொடுத்தனர். பொருள் உள்ளார் பிள்ளைகளும் கட்டணமின்றிப் பயில்கின்றனர் என்பது அவர்கள் குறை. 1704-இல் தீர்ப்பு அடிகளார்க்கு மாறாயிற்று. தண்டம் விதிக்கப்பட்டது, பள்ளித் தட்டுமுட்டுகளும் எடுத்துச் செல்லப்பட்டன. உடன் உழைத்தோர் சிலரும் பிரிந்து சென்றனர். எனினும், ஒரு நகரில் கதவு அடைபட்டால் மற்றொரு நகரில் பள்ளி திறந்தது.

மனம் நொந்து தென்னாட்டில் ஒதுங்கியிருந்த அடிகளாரை, 1714-இல் பாரிசுச் சகோதரர்கள் மடல் விடுத்து அழைத்தனர். சபையின் பெயரால் தலைவர்க்கே கட்டளையிட்டனர்! அவர் சினந்தாரல்லர், பணிந்து திரும்பினார். 1717-இல் தலைமையை வேறொருவரிடம் ஒப்படைத்தார். 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ரூவன் நகரில் அவர் ஆவி பிரிந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை 1900-இல் அவரைப் புனிதராக உயர்த்தியது; 1950-இல் ஆசிரியர் அனைவர்க்கும் பாதுகாவலராக அறிவித்தது. அவர் நிறுவிய சபை இன்று ஏறத்தாழ 80 நாடுகளில் பணியாற்றுகிறது. நம் தூத்துக்குடியிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு.

ஏழைக்கு உதவ எண்ணுவோர் பலர். ஏழையோடு சமமாக அமர்வோர் சிலரே. லசால் அடிகளார் தம் பொருளை மட்டும் தந்திருப்பின் அப்பள்ளிகள் சில ஆண்டுகளில் மறைந்திருக்கும். அவர் தம்மையே தந்தார். ஆதலின் அவை நிலைத்தன.