சிலேட்டில் பிறந்த கணக்குகள்

இரவு மணி பதினொன்று. சென்னை திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் சாலையில் ஒரு வீடு. வீட்டில் உள்ளவர்கள் படுத்துவிட்டார்கள். மாடியில் மட்டும் இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள். இருவர் மடியிலும் பெரிய சிலேட்டுப் பலகை. பலப்பம் கீறும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அந்தச் சத்தமே தாலாட்டாக மற்றவர்கள் தூங்கிப் போகிறார்கள்.

ஒருவர் நாராயண அய்யர். சென்னைத் துறைமுக ஆபீசில் தலைமைக் கணக்கர். மற்றவர் அதே ஆபீசில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிய குமாஸ்தா. அவருடைய பெயர் ராமானுஜம்.

இது நடந்தது 1912-ம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1918-ல், அந்தக் குமாஸ்தா இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். உலகத்தின் பெரிய கணித அறிஞர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த மேதைக்கு இளமையில் எழுதுவதற்கென்று தனி மேஜை கிடையாது. தனி அறையும் கிடையாது. மரச்சட்டம் போட்ட ஒரு சிலேட்டு, ஒரு பலப்பம், ஒரு நோட்டுப் புத்தகம். இவைதான் அவருடைய எழுத்துச் சாமான்கள். எங்கே உட்கார்ந்தாரோ அங்கே அவருடைய பள்ளிக்கூடம்!

நாமகிரித் தாயார் கொடுத்த பிள்ளை

நாமக்கல் ஊரின் நடுவே பெரிய பாறை மலை ஒன்று நிற்கிறது. மலை உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயில். அங்கே குடியிருக்கும் தாயாருக்கு நாமகிரி என்று பெயர்.

ராமானுஜத்தின் தாயார் கோமளத்தம்மாள். கலியாணமாகிச் சில ஆண்டுகள் அவருக்குப் பிள்ளை இல்லை. நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டார்கள். பிறகு பிறந்த பிள்ளைதான் ராமானுஜம். பிறந்த நாள் 1887 டிசம்பர் 22. பிறந்த இடம் ஈரோடு. தாய்வழிப் பாட்டனார் வீடு. காவிரிக்கு இக்கரையில் ஈரோடு, அக்கரையில் நாமக்கல் சீமை.

குழந்தை வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். சம்பளம் மாதம் சுமார் 20 ரூபாய். கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சில ரூபாய் கொண்டுவருவார். வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும் கொஞ்சம் வருமானம் வந்தது. அதில்தான் குடும்பம் நடந்தது.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர்களுடைய சிறிய வீடு. தெருவைப் பார்த்த திண்ணை. தேரும் திருவிழாவும் போகும் தெரு அது. அந்தத் திண்ணையில் காலை மடக்கிக்கொண்டு, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பையன் கணக்குப் போடுவான். தெருவில் எத்தனை சத்தம் இருந்தாலும் காதில் ஏறாது.

காகிதம் வாங்கக் காசு இல்லை

1903-ல், பதினாறு வயது நிறையும் முன்பே, ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு அது. அதில் சுமார் 5,000 சூத்திரங்கள் இருந்தன. ஆனால் அவை எப்படி வந்தன என்ற விளக்கம் மிகவும் குறைவு. ராமானுஜம் ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். பிறகு அந்தப் புத்தகத்தில் இல்லாத புதிய சூத்திரங்களையும் கண்டுபிடித்தார்.

கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்கள் போயின. கும்பகோணம் காலேஜில் கிடைத்த உபகாரச் சம்பளம் நின்றுவிட்டது. சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909-ல் ஜானகி என்ற சிறுமியுடன் அவருக்குக் கலியாணமும் நடந்துவிட்டது.

அவர் போட்ட கணக்குகளுக்குக் காகிதம் வாங்குவதென்றால் மாதம் நாலு ரீம் வேண்டும். நாலு ரீம் என்றால் ஏறத்தாழ 2,000 தாள்! சாப்பாட்டுக்கே திண்டாடும்போது காகிதத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் சிலேட்டு. ஒரு பக்கம் நிரம்பியதும் அழிக்க வேண்டும். துணியைத் தேடி எடுத்தால் யோசனை அறுந்துபோகும். ஆகவே முழங்கையாலேயே அழிப்பார். அழித்து அழித்து முழங்கைத் தோல் காய்த்துக் கறுத்துப் போயிற்று.

துறைமுக ஆபீசில் வேலை கிடைத்த பிறகும் இதே கதைதான். சாமான் கட்டிவந்த காகிதம் கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்வார். ஏற்கெனவே எழுதிய தாளாக இருந்தால் அதன் மேலேயே சிவப்பு மையால் எழுதுவார்.

வந்த விடையை மட்டும் நோட்டில் அழகாக எழுதி வைப்பார். விடைக்குப் போன வழி சிலேட்டோடு அழிந்துவிடும்.

நோட்டே நற்சாட்சிப் பத்திரம்

இந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ராமானுஜம் வேலை தேடினார். 1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜம் கேட்டது சாதாரணக் குமாஸ்தா வேலை. ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டினார். இவ்வளவு பெரிய அறிவாளியைத் தாலுகா ஆபீசில் பூட்டி வைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. வேலை கொடுக்கவில்லை; சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்த வழியில் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் உதவி கிடைத்தது. 1912 மார்ச் 1-ந் தேதி துறைமுக ஆபீஸ் வேலையும் கிடைத்தது. பட்டம் இல்லாத இளைஞருக்கு அந்தக் கந்தல் நோட்டுத்தான் நற்சாட்சிப் பத்திரமாக இருந்தது.

துறைமுகத்தில் நாராயண அய்யர் அவருக்கு நல்ல துணை. ராமானுஜம் பத்துப் படிகளை இரண்டே படிகளில் தாண்டிவிடுவார். பக்கத்தில் இருக்கும் எனக்கே புரியாதபோது மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று நாராயண அய்யர் கடிந்துகொள்வார். படிகளை விடாமல் எழுதும்படி வற்புறுத்துவார்.

சில இரவுகளில் ராமானுஜம் தூக்கத்திலிருந்து திடுக்கென்று எழுவார். அரிக்கேன் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் சிலேட்டை எடுத்து எதையோ எழுதுவார். கனவில் தோன்றிய கணக்கு, மறந்துபோகுமுன் எழுதுகிறேன் என்பார். நாமகிரித் தாயார் கனவில் அருள்கிறாள் என்றும், சூத்திரங்கள் எழுதிய சுருள்கள் விரிவது தெரிகிறது என்றும் நண்பர்களிடம் அவர் சொன்னதுண்டு.

நாமக்கல்லில் மூன்று இரவுகள்

1913 ஜனவரி 16-ல் ராமானுஜம், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டி திகைத்துப் போனார். நிரூபணங்களை அனுப்பும்படி பதில் எழுதினார். இங்கிலாந்துக்கு அழைப்பும் வந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் கடல் கடந்து போவது ஆசாரக் குறைவு. தாயார் சம்மதிக்கவில்லை. ராமானுஜமும் தயங்கினார்.

அப்போது அவர் நாராயண அய்யருடன் நாமக்கல்லுக்குப் போனார் என்று சொல்லுவார்கள். சென்னையிலிருந்து சேலம் வந்தார்கள். அங்கிருந்து நாமக்கல். அந்த நாளில் நாமக்கல்லுக்கு ரயில் கிடையாது. கோயிலிலேயே மூன்று இரவு படுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு ராமானுஜம் எழுந்து, உத்தரவு கிடைத்துவிட்டது என்றாராம்.

கோமளத்தம்மாளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் நடுவில் மகன் வீற்றிருப்பதாக அவர் கனவு கண்டார்; மகனைத் தடுக்காதே என்று நாமகிரி கட்டளையிட்டாள் என்பார்கள். எப்படியோ, தாயார் சம்மதம் கிடைத்தது.

புறப்படும் சமயம் நாராயண அய்யர் ஒரு வரம் கேட்டார். சிலேட்டை மாற்றிக்கொள்ளலாமா என்றார். அந்தச் சிலேட்டு தம்மிடம் இருந்தால் தமக்கும் ஏதாவது தோன்றாதா என்ற ஆசை! அவருடைய குடும்பத்தார் பின்னாளில் இதை நினைவுகூர்ந்தார்கள்.

1914 மார்ச் 17-ல் ராமானுஜம் சென்னையில் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் காகிதம்

கேம்பிரிட்ஜில் காகிதத்துக்குக் குறைவில்லை. அங்கே இன்னொரு கஷ்டம் வந்தது. விடை சரியாக இருந்தால் போதாது. ஒவ்வொரு படியையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஹார்டி அதைப் பொறுமையாகப் பழக்கினார்.

இருவரும் சேர்ந்து செய்த ஒரு வேலையை யாரும் புரிந்துகொள்ளலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4 ஆகவே வைக்கலாம். 3-ம் 1-ம் ஆக்கலாம். 2-ம் 2-ம் ஆக்கலாம். 2, 1, 1 ஆக்கலாம். நான்கு ஒன்றுகளாகவும் ஆக்கலாம். ஆக, ஐந்து விதம். இதே கேள்வியை 100 என்ற எண்ணுக்குக் கேட்டால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! இவ்வளவையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. எழுதாமலே கணக்கிடும் சூத்திரத்தை 1918-ல் ராமானுஜமும் ஹார்டியும் வெளியிட்டார்கள்.

ஆனால் குளிரும், யுத்தகாலமும், சாப்பாட்டுக் கஷ்டமும் அவர் உடலைக் கெடுத்துவிட்டன. காசநோய் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். 1919-ல் தாய்நாடு திரும்பினார்.

கடைசி நாட்கள்

உடல் தேறுவதற்காகக் கொடுமுடியில் சில மாதங்கள் தங்கினார். காவிரிக் கரை ஊர் அது. ஆற்றுக்கு அப்பால் நாமக்கல் சீமை. பிறகு கும்பகோணம். கடைசியில் சென்னை சேத்துப்பட்டு.

எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர் கணக்கை விடவில்லை. படுக்கையிலேயே எழுதினார். ஜானகி அம்மாள் அருகிலிருந்து பணிவிடை செய்தார். எழுதிய தாள்களைச் சேர்த்துப் பத்திரப்படுத்தினார். 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் போயிற்று. அதிலும் ஒரு புதிய கண்டுபிடிப்பு இருந்தது. இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை அவர் எழுதிக்கொண்டே இருந்ததாக ஜானகி அம்மாள் பின்னர் சொன்னார்.

1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜம் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

தாளும் சிலேட்டும்

கடைசிக் காலத்துத் தாள்கள் இங்கிலாந்துக்குப் போயின. பல கைகள் மாறின. எங்கே என்று தெரியாமல் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கேம்பிரிட்ஜ் டிரினிடி காலேஜ் நூல்நிலையத்தில் ஒரு பெட்டியைப் பார்த்தார். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். எல்லாம் ராமானுஜத்தின் கையெழுத்து! சுமார் 600 சூத்திரங்கள் அதில் இருந்தன.

இளமையில் எழுதிய நோட்டுகளுக்கும் வேலை இருந்தது. அவற்றில் 3,000-க்கு மேற்பட்ட விடைகள் இருந்தன, வழி இல்லை. பெர்ண்ட் என்ற அமெரிக்க அறிஞர், தாமும் மற்றவர்களும் கண்ட நிரூபணங்களைச் சேர்த்து ஐந்து பெரிய புத்தகங்களாக வெளியிட்டார். முதல் புத்தகம் 1985-ல், ஐந்தாவது 1998-ல். அந்த விடைகளில் தவறானவை மிகச் சிலவே.

அந்த நிரூபணங்களில் பலவும் ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மாடியிலும் கும்பகோணம் திண்ணையிலும் சிலேட்டில் இருந்திருக்கும். காகிதம் வாங்க முடியாததால் முழங்கையால் அழிக்கப்பட்டன. அழிந்ததை மறுபடி கண்டுபிடிக்க உலகத்து அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏழைப் பிள்ளைக்கு எங்கும் எழுத இடம் கொடுத்தது அந்தச் சிலேட்டு. எழுதியதை வைத்துக்கொள்ள மட்டும் அதற்கு இடம் இல்லை.

அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 22, 2012-ம் ஆண்டு முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கணக்குப் போடும் பிள்ளைக்கு வீட்டிலுள்ளவர்கள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். விடையோடு வழியையும் எழுதி வைக்கச் சொல்லலாம்.