கப்பல் கைவிட்டது, கால் கைவிடவில்லை!

1325-ம் ஆண்டு. மொராக்கோ நாட்டில் தாஞ்சியர் என்ற துறைமுக நகரம். அங்கிருந்து 21 வயது வாலிபர் ஒருவர் தன்னந்தனியாகப் புறப்பட்டார். மக்காவுக்குப் போய் ஹஜ் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. தாய் தந்தையைப் பிரிய மனம் வரவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டார்.

அவர்தான் உலகம் சுற்றிய இபின் பதூதா.

தலைப்பாகையால் கட்டு

வழியிலேயே கடுங்காய்ச்சல் கண்டது. ஓரிடத்தில் தங்கும்படி மற்றவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. குதிரை மேல் உட்காரக்கூட உடம்பில் தெம்பு இல்லை. கீழே விழாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து, சேணத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டார். அப்படியே துனிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். உடன் வந்தவர்களை வரவேற்க ஆட்கள் வந்தார்கள். அவரை வரவேற்க ஒருவரும் இல்லை. அழுதுவிட்டார்.

படகு இல்லை!

1326-ல் எகிப்து நாட்டை அடைந்தார். கெய்ரோவிலிருந்து தெற்கே போய், பாலைவனம் கடந்து, செங்கடல் கரையில் உள்ள ஐதாப் துறைமுகத்துக்கு வந்தார். படகு ஏறினால் அக்கரை அரேபியா. ஆனால் அங்கே சண்டை. படகுகளை மூழ்கடித்துவிட்டார்கள்!

வந்த வழியே கெய்ரோ திரும்பினார். பிறகு ஜெருசலேம், டமாஸ்கஸ் என்று வேறு வழி பிடித்து, யாத்திரைக் கூட்டத்தோடு மக்கா சேர்ந்தார். படகு கிடைத்திருந்தால் அந்தப் பழம்பெரும் நகரங்களை அப்போது பார்த்திருக்க மாட்டார்.

ஹஜ் முடிந்தது. ஆனால் ஊர் திரும்பவில்லை. கூடுமானவரை ஒரே பாதையில் இருமுறை போவதில்லை என்று வைத்துக்கொண்டு, நாடு நாடாக நடந்தார்.

மிஞ்சியது பத்துக் காசு

டெல்லிக்கு வந்தவரை முகமது பின் துக்ளக் காஜியாக, அதாவது நீதிபதியாக, அமர்த்தினார். 1341-ல் சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசுப் பொருள்களோடு தூது அனுப்பினார்.

கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் தயாராக நின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக இபின் பதூதா கரையில் தங்கினார். இரவில் புயல் அடித்தது. பரிசுகள் இருந்த கப்பல் உடைந்தது. அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். அவருடைய மூட்டை முடிச்சுகள் இருந்த கப்பலோ அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது! படுக்கும் விரிப்பும் பத்துப் பொற்காசும்தான் மிச்சம்.

டெல்லிக்குத் திரும்பினால் சுல்தான் என்ன செய்வாரோ என்ற பயம். மாலத்தீவுக்குப் போனார். அங்கும் காஜி வேலை கிடைத்தது. அங்கிருந்து தமிழகக் கரைக்குக் கப்பல் ஏறினார். கப்பல் இலங்கையில் கொண்டுபோய் விட்டது! தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி ஆதரித்து, பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்தார். சிவனொளிபாத மலை ஏறிப் பார்த்தார்.

மறுபடி புறப்பட்ட கப்பல் தமிழகக் கரை அருகே உடைந்தது. இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே கிடந்தார். காலையில் கரையில் உள்ளவர்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள். பிறகு மதுரை போனார். அங்கே கொள்ளைநோய். அதிலும் தப்பினார். கடைசியில் சீனாவும் போய் வந்தார்.

கொடுத்த விலை

1348-ல் திரும்பும் வழியில், டமாஸ்கஸில் ஒரு செய்தி கேட்டார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். மறு ஆண்டு சொந்த நாட்டில் கால் வைத்தார். தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்டார். 24 ஆண்டுகள் கழித்து வந்தவரை வரவேற்க, வீட்டில் பெற்றவர்கள் இல்லை.

பிறகு மொராக்கோ மன்னர் கட்டளைப்படி, இபின் பதூதா தம் பயணங்களை நினைவிலிருந்து சொல்ல, இபின் ஜுஸை என்ற புலவர் எழுதினார். 1355-ல் நூல் முடிந்தது. உடைந்த கப்பல்களும் தவறிப்போன பாதைகளும் காட்டிய ஊர்களெல்லாம் அந்த நூலில் இன்றும் வாழ்கின்றன.